கலெக்டருக்குச் சொல்ல வேண்டிய சேதி

ஆம்பூர்
புதன்கிழமை

என் கண்ணு ரேணுவுக்கு,

அம்மா எழுதுவது. இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பாப்பாவைத் தூங்க வைத்து, ஷிப்டு முடிந்து வந்த அப்பாவுக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் தெருவில் நாய்கூடத் தூங்கிவிட்டது. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினால் ஒருநாளும் எழுத மாட்டேன், அதனால் கையெழுத்து கோணலாக இருந்தால் என் தூக்கத்தைத் திட்டு, என்னைத் திட்டாதே. இங்கே நானும் அப்பாவும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பாப்பாவுக்குத்தான் லேசாக இருமல். அங்கே நீயும் உன் கால் கொப்புளமும் எப்படி இருக்கிறீர்கள்? பூட்ஸ் போடுவதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் தடவிக்கொள் என்று போனிலேயே சொல்ல இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கொடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை அந்தப் பக்கம் நீ அழ இந்தப் பக்கம் நான் அழ இரண்டு பேருமாகத் தீர்த்துவிட்டோம். அடுத்த பெண் போனுக்கு நிற்கிறாள் என்று வைக்கப்போகும்போது நீ ஒன்றே ஒன்று கேட்டாய், கலெக்டர வித்துடாதீங்கம்மா என்று. சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை ரேணு. இப்போது இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆயா போனபிறகு இங்கே நடந்ததில் எதையும் நீ பார்க்கவில்லை. லீவு கிடைத்திருந்தாலும் ராஜஸ்தானிலிருந்து இரண்டு நாள் ரயில், முகம் பார்த்திருக்க முடியாது, அதை நினைத்து நினைத்து நீ சாப்பிடாமல் இருக்காதே. அரக்கோணத்திலேயே உங்கள் படைக்குப் பயிற்சி முகாம் இருக்கும்போது உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினார்களே என்று எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அது போன சனிக்கு முந்தின சனிக்கிழமை. ஆயா எப்போதும்போல இருட்டோடு எழுந்து கலெக்டரைக் கறந்தார், எப்போதும்போலத் தூக்கை எடுத்துக்கொண்டு மசூதித் தெரு முழுக்க ஊற்றிவிட்டு வந்தார். வந்ததும் என்னைப் பார்த்து, இன்னாடி இது, கோலம்னு போட்டுக்கீற, கோழி கிளறின மாதிரி கீது என்றார். அதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. இருபது வருஷமாக மாமியார் வாயால் கேட்கிற பேச்சு, நான் காதில் வாங்காமல் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கூழ் குடித்தார். கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று மாட்டுக்கொட்டகைப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். கழுநீர் வைக்கிற நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. கலெக்டர் கத்த ஆரம்பித்தது, ஆயா எழுந்திருக்காமல் அது கத்தி நான் கேட்டதே இல்லை, ஓடிப்போய்ப் பார்த்தால் தூங்குகிற முகமாகவே இருந்தது. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாரையும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவில்லை. அப்பா கம்பெனியிலிருந்து ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. பெரியவர்கள் எல்லாம் இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல, அன்றைக்குச் சாயங்காலமே தாத்தா பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டோம். கூட வந்த ஜனத்தைப் பார்த்தால் நீ நம்ப மாட்டாய், தோல் பதனிடுகிற ஷாப்புகளிலிருந்து வேலை உடையோடு வந்தவர்கள் பாதி, தொப்பி வைத்தவர்கள் பாதி. ஒரு மாடு வைத்து ஊருக்குப் பால் ஊற்றினவருக்கு இவ்வளவு பேரா என்று உன் சித்தப்பா மலைத்துப் போனார்.

மறுநாள் காலையில் நடந்ததைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்குக் கொடுக்கிற பாலுக்கு ஆயா காசு வாங்கினதே இல்லை என்பது உனக்குத் தெரியும். அடக்கம் முடிந்த மறுநாள் குழிமேட்டில் பால் தெளிக்கப் போவார்கள் இல்லையா, அதற்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வந்து கதவைத் தட்டினாலும் போதும், வாடிக்கையா, எந்தத் தெரு, இன்னா ஜாதி, ஒன்றும் கேட்க மாட்டார். ஒரே சட்டம்தான், விடியக் கறந்த பாலாக இருக்கணும், அடுப்பைப் பார்த்திருக்கக் கூடாது. முஸ்லிம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை, ஆனாலும் அவர்கள் வீட்டில் மௌத் என்று கேள்விப்பட்டால் அங்கே சமையல் இல்லாத நாளெல்லாம் வருகிறவர்களுக்கு டீ போட ஆயாவின் பால் தானாகப் போய்விடும். இப்படி ஊருக்கெல்லாம் கடைசிப் பால் கொடுத்தவருக்குப் பால் தெளிக்க வேண்டிய அன்று காலையில் கலெக்டர் ஒரு சொட்டு விடவில்லை ரேணு. அப்பா உட்கார்ந்தார், ஒரே உதை, சொம்பு ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். நான் உட்கார்ந்தேன், உதைக்கவில்லை, ஆனால் மடியைக் கல்லாக வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். நேரமாகிறது, பங்காளிகள் எல்லாம் குளித்துவிட்டு நிற்கிறார்கள், அப்பா வேறு வழி தெரியாமல் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தார். அதற்குள் விஷயம் தெரிந்து வாடிக்கை வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கையில் ஒரு பாக்கெட்டோடு வர, துணி துவைக்கிற கல்மேல் பால் பாக்கெட் குவிந்துவிட்டது. அதைப் பார்த்த குடியாத்தத்துப் பெரிய ஆயா, உன் ஆயாவின் அக்கா, அழுதுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, பங்கஜத்துக்குப் பாக்கெட் பாலா, எழுந்து வந்து ஒதைப்பாடா அவ என்றார். சாவு வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் பின்வீட்டு ஜஹீதா அக்கா முக்காடைச் சரிசெய்துகொண்டு ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க அக்கா என்றேன். வரவில்லை, பெரிய ஆயாவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்தின நாள் காலையில் நம் ஆயா அவர்கள் வீட்டில் ஊற்றிய பால் அது. காய்ச்சலாம் என்று அடுப்பில் வைக்கப் போகும்போது இங்கே சத்தம் கேட்டிருக்கிறது, அடுப்பை அணைத்துவிட்டுப் பாலைத் தூக்கோடு ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறார், அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. பங்கஜம்மா கையால கறந்த கடைசிப் பாலு, ஆனா எங்க வீட்டு ஃபிரிட்ஜு, பக்கத்துல கறியெல்லாம் வெச்சிருந்தோம், உங்க வழக்கத்துக்கு ஆகுமோ ஆகாதோ தெரியல, மனசு கேக்கல, எடுத்துகினு வந்துட்டேன் என்றார். ரேணு, எனக்கு ஒரே பயம், பங்காளிகளில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ, ஜஹீதா அக்கா மனசு நொந்து திரும்பிவிடுவாரோ என்று. பெரிய ஆயா எழுந்து போய்த் தூக்கைத் திறந்தார். ஆடை கட்டி மஞ்சளாக இருந்தது, விரலை நனைத்து முகர்ந்து பார்த்தார். எந்தங்கச்சி கறந்தது, எந்த வூட்ல இருந்தா இன்னா, அடுப்ப பாக்கல இல்ல, எடுங்கடா என்றார். அந்தப் பாலைத்தான் பாலாற்றங்கரையில் ஆயா மேல் தெளித்தார்கள். ஐஸ் பொட்டியில வெச்சா அது பாலா என்று நம் வீட்டு ஃபிரிட்ஜில் பால் வைக்கவே விடாதவர் உன் ஆயா, தெரியும்தானே. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது ஐஸ் பொட்டிதான். இதை அவரிடமே சொல்லி ஒரு திட்டு வாங்க வேண்டும்போல இருக்கிறது.

சரி, கலெக்டர் கதைக்கு வருகிறேன். பால் தெளிப்பு முடிந்த பிறகாவது இறங்கிவிடும் என்று பார்த்தால் சாயங்காலமும் இல்லை, மறுநாளும் இல்லை. கட்டாயப்படுத்தி இழுத்தால் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். கன்றுக்குட்டி இருந்தால் அதை விட்டாவது ஊட்டலாம், அதுதான் பொங்கலுக்கு முன்பே கழிச்சலில் போய்விட்டதே. அப்பா கிட்டே போனாலே உதை. அதற்குக் காரணம் கம்பெனியில் கையில் ஏறிய, தோல் பதனிடுகிற மருந்து வாசனை என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தாத்தா செங்கல்வராயனையும் குளிக்காமல் கொட்டகைக்குள் விடமாட்டாராமே ஆயா. உன் கையில தோலு வாசனை, என் கையில பாலு வாசனை, ரெண்டும் மாடு குடுத்ததுதான், ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு ஆவாது என்பாராம். அப்பா சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை தோல் உரிந்ததுதான் மிச்சம். நான் போனில் வீடியோ பார்த்தேன், பாட்டுப் போட்டால் பால் இறங்கும் என்று ஒருத்தர் சொன்னார், போட்டேன், அது போனையே நக்கப் பார்த்தது. இன்னொருத்தர் சத்தமே கூடாது என்றார், வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், பாப்பாவைக்கூட அந்தப் பக்கம் வரவிடவில்லை, அதற்கும் ஒன்றும் இல்லை. மாட்டு டாக்டர் வந்து மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பால் இப்படியே தங்கினால் மடிநோய் வந்துவிடும், ஒரு காம்பு சூடாகத்தான் இருக்கிறது, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அப்பாவால் தாங்க முடியவில்லை. அம்மா வளர்த்த மாடு, நம்ம கையில வலிச்சு சாவறத நான் பாக்க மாட்டேன், கறக்கத் தெரிஞ்சவன் கிட்ட போவட்டும் என்று தரகர் ராமமூர்த்திக்குப் போன் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது நான் வாயடைத்துப்போய் நின்றது அதனால்தான். அப்பாவைத் தப்பாக நினைக்காதே, போனை வைத்துவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

எனக்கு மட்டும் கலெக்டரை விற்க மனசு வந்ததா என்று கேள். உனக்கு முழுக்கச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ பிறந்தபோது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். என் அம்மா வீட்டிலேயே, குழந்தை வந்தாச்சு, இனி இன்னாத்துக்குப் படிப்பு என்றார்கள். உன் ஆயாதான் ஒற்றைக்காலில் நின்றார். பாதி கறந்துட்டு எழுந்தா மடி கெட்டுப் பூடும்டி, ஒண்ணு உட்காராத, உட்காந்தா முழுசா கறந்துட்டு எழுந்திரு என்றார். அவருக்குப் படிப்பைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், எனக்கு அது போதுமாக இருந்தது. நான் காலையில் ரயில் பிடித்து காட்பாடியில் இறங்கி பஸ் ஏறி வேலூருக்குப் போய்விடுவேன், நீ ஆயா இடுப்பில். ஒரு கையில் உன்னையும் ஒரு கையில் தூக்கையும் பிடித்துக்கொண்டு மசூதித் தெருவில் பால் ஊற்றியிருக்கிறார், அங்கே பாதி வீட்டில் உனக்குப் பொறை பிஸ்கெட் கொடுத்துப் பழக்கினார்கள். பரீட்சை நாட்களில் நீ பால் குடிக்காமல் அழுவாய் என்று மாட்டைக் கறந்து ஊற்றிவிட்டு உன்னையும் தூக்கிக்கொண்டு என்கூடவே ரயில் ஏறி வந்து காலேஜ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பரீட்சை முடிந்து நான் ஓடி வந்தால் முதல் கேள்வி, எழுதிட்டியா முழுசா என்பது. பாஸா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி என்றார். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இன்றைக்கு நான் ஷூ கம்பெனியில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறேன் என்றால், நீ யூனிபார்ம் போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்றால், அது அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் கொடுத்தது. என்னைப் பெற்றவள் செய்யாததை எனக்குச் செய்தவர். இதை அவர் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், சொன்னால், போடி, அடுப்புல இன்னா தீயுது பாரு என்று துரத்தியிருப்பார்.

இப்போது திங்கட்கிழமை காலைக்கு வா. மறுநாள் தரகர் வருகிறார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன், பால் வரும் என்ற நம்பிக்கையில் இல்லை, கடைசியாக ஒருதரம் தொட்டுக் கும்பிடலாம் என்றுதான். முதல் நாள் போனில் நீ அழுதது காதிலேயே இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து அதன் வயிற்றில் தலையைச் சாய்த்தேன், அவ்வளவுதான், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, திட்ட ஆரம்பித்துவிட்டேன். உனக்கு இன்னா குறைச்சல், நீ ஒருத்திதான் அவங்கள பறிகொடுத்தியா, நாங்கள்லாம் சும்மாவா கீறோம் என்றேன். எனக்கு ஆபீஸ்ல லீவு தீந்துபோச்சு, பாப்பாவுக்கு இருமல் நிக்கல, அவங்கப்பா ராத்திரில எழுந்து எழுந்து உக்காந்துக்கறாரு, பெரியவ இன்னாடான்னா அங்க பாலைவனத்துல கீறா, அவ கையில துப்பாக்கி குடுத்திருக்காங்களாம், பல்லி வந்தா கட்டில் மேல ஏர்றவ கையில துப்பாக்கி, அவ சுடுவாளா இல்ல அத கீழ போட்டுட்டு ஓடுவாளா, கால்ல கொப்புளமாம், ரொட்டியா போடறாங்களாம், தலைக்கு எண்ணெய் வெக்கறாளோ இல்லியோ என்று உன் சமாசாரத்தில் இறங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, மாட்டிடம்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே கை பாட்டுக்குக் காம்பில் போயிருக்கிறது. சொம்பில் சத்தம் கேட்டது. சர்ரு சர்ரு என்று. நான் பயந்துபோய்ப் பேச்சை நிறுத்திவிட்டேன், பாலும் நின்றுவிட்டது. உடனே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜஹீதா அக்கா குரல், நிறுத்தாத தேவிகா, அல்லாவே, நிறுத்தாத, பேசிகினே இரு!

நானும் பேசினேன் ரேணு. உன் பத்தாவது மார்க்கிலிருந்து பாப்பா ஸ்கூலில் பென்சில் தொலைத்தது வரைக்கும் பேசினேன். கைகள் மரத்துப் போயின, கண்ணீர் பாட்டுக்கு ஓடியது, சொம்பு நிறைந்து இன்னொரு பாத்திரம் கேட்டு ஜஹீதா அக்காவே சுவர் மேல் எட்டி ஒரு குண்டானைக் கொடுத்தார். பழைய அளவு இல்லை, ஆனால் மடி இளகிவிட்டது. பிறகு பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்து சொன்னார் பார், அதைத்தான் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆயா கறக்கும்போது ஏதோ முணுமுணுப்பார் இல்லையா, நான் இத்தனை வருஷமும் அது சாமிப் பாட்டு என்று நினைத்தேன். சாமிப் பாட்டும் இல்லை ஒன்றும் இல்லையாம், நம் வீட்டுச் சேதியாம். கலெக்டரிடம் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் இருந்த மாடுகளிடமும் அப்படித்தானாம். உங்க வீட்டு நியூஸெல்லாம் எங்களுக்கு அப்படித்தான் தெரியும், உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு இத்தனை நாளா சொல்லல என்றார் ஜஹீதா அக்கா. ஊர் பூரா நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று எனக்கு முதலில் ஒரே பேஜாராகிவிட்டது. அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். என் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் ஆயா அப்போதிருந்த மாட்டிடம், கேட்டுக்கினியாடி, நம்ம வூட்ல ஒரு டிகிரி வந்துடுச்சி, எம்மருமவ முழுசா கறந்துட்டா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். என்னிடம் சொன்னது சாம்பாரில் உப்பு. மாட்டிடம் சொன்னது இது. இன்னொன்றும் சொன்னார். உன்னை ரயில் ஏற்றிவிட காட்பாடிக்கு வந்தபோது ஆயா கண் கலங்கவே இல்லை, தண்ணி காய்ச்சிக் குடி என்று மட்டும் சொன்னார், நீகூட ஆயாவுக்கு என்மேல் பாசமே இல்லைம்மா என்று போனில் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலையில் கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சேதி எதுவும் சொல்லாமல் ஒரே அழுகையாம். பேச்சு இல்லாததால் பால் பாதிதான் இறங்கியதாம். அன்னிக்கு எங்க வீட்ல டீ கம்மி, உம்பொண்ணு ஊருக்குப் போனதுக்கு நாங்க இல்ல பட்டினி கெடந்தோம் என்று சிரித்தார் ஜஹீதா அக்கா. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுக் காலையில் ராமமூர்த்தி புதுக் கயிறும் கையுமாக வந்து நின்றார். நான் அப்போதுதான் கறந்து முடித்து எழுந்தேன். அப்பா பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தின நாள் நடந்ததை நான் சொல்லியிருந்தேன், அவர் நம்பவில்லை, ஏதோ ஒருநாள் இறங்கியிருக்கும் என்றார், நேற்று கண்ணால் பார்த்துவிட்டார். தரகரிடம், அண்ணே, மாடு குடுக்கல, டீ குடிச்சிட்டுப் போங்க என்றார். ராமமூர்த்தி விடுகிற ஆளா, இன்னாப்பா குமரா, ஆம்பளப் பேச்சு, சந்தையில ஆள நிறுத்தி வெச்சிட்டு வந்துக்கீறேன், இப்ப இல்லன்னா எப்படி என்று சத்தம் போட்டார். அப்பா நிதானமாக, எங்கம்மா பேசின பேச்சு இன்னும் முடியலண்ணே என்றார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கலெக்டர் பாலில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, நல்ல பாலுதான், வித்தா முட்டாள்தான் நீ என்று அவரே சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். ஆக உன் கேள்விக்கு என் பதில் இது, கலெக்டரை விற்கவில்லை. பேசிக் கறக்கிறது என் வேலை, சாணி அள்ளுகிறதும் கழுவி விடுகிறதும் அப்பா வேலை, தீவனத்துக்கு பைபாஸ் தாண்டிப் போய்க் கடலைக்கொடி வாங்கி வருவதும் அவர்தான். ஆயா மாதிரி தெருத் தெருவாக ஊற்ற என்னால் முடியாது, கம்பெனி பஸ் போய்விடும், அதனால் வேண்டுகிறவர்கள் பாத்திரத்தோடு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லியாகிவிட்டது, எட்ட இருக்கிற வீடுகளுக்கு ஜஹீதா அக்காவின் மருமகள் சைரா எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எத்தனை நாள் நடக்கும் என்று எனக்கு பயம் இல்லாமல் இல்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, பால் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். டாக்டர் இன்று வந்து மடி நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நான் இரண்டு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். நீ அங்கே தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து அழாதே, கேண்டீனில் ஒரு டம்ளர் பால் வாங்கி ஆயாவை நினைத்துக் குடி, தண்ணியாக இருக்கிறது என்று இரண்டு திட்டுத் திட்டிவிட்டுக் குடித்தால் அவருக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும். துப்பாக்கியைப் பிடிக்கும்போது கவனம். கூட இருக்கிற பெண்களோடு சண்டை போடாதே, இந்தி தெரியாவிட்டால் சிரித்து வை. இன்னொரு விஷயம், அதுதான் முக்கியம். எனக்குச் சேதி தீர்ந்துகொண்டே வருகிறது கண்ணு. காலையிலும் சாயங்காலமும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், ஆயாவுக்கு ஊரெல்லாம் சுற்றிவந்த கதை இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது? இன்று சாயங்காலம் ஆபீஸில் பிரிண்டர் கெட்டுப்போன கதையைச் சொன்னேன், காலை மாற்றி வைத்துக்கொண்டு பாலை நிறுத்திவிட்டது. உன் பேரைச் சொன்னால் மட்டும் காதைத் திருப்புகிறது. அதனால் காலை என்ன சாப்பிட்டாய், பக்கத்துக் கட்டிலில் யார் படுக்கிறார்கள், அந்த ஆபீசரம்மா எதற்குத் திட்டினாள், கொப்புளம் ஆறியதா, ராத்திரியில் குளிருகிறதா, எல்லாவற்றையும் விடாமல் எழுது. நல்லது மட்டும் எழுதாதே, கஷ்டத்தையும் எழுது, அதைத்தான் அது நன்றாகக் கேட்கிறது. படவேட்டு அம்மன் பேரைத்தான் ஆயா உனக்கு வைத்தார், அவளும் ஆயாவும் உன் பக்கத்திலேயே நிற்பார்கள், நீ எடுத்த காரியத்தை முழுசாக முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி வா. பாப்பா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், அப்பா ஒன்றும் சொல்லவில்லை, உன் போட்டோவைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
தேவிகா

சீக்கிரம் பதில் போடு ரேணு.